புரூஸ் லீ போஸ்டரும் மாமாவின் தகரப் பெட்டியும்

தம்பி, உங்கள் கேள்வியை நிதானமாக வாசித்தேன். கல்முனையில் கடற்கரையோரம் வீடு. சிறு வயதிலிருந்தே அடிதடிப் படங்கள் என்றால் உயிர். இணையத்தில் பழக்கமான ஒருவரிடம், 'என்டர் த ட்ராகன்' படத்துக்கு 1973ஆம் ஆண்டு அமெரிக்காவில் அச்சிட்ட அசல் போஸ்டர் என்று நம்பி, நல்ல விலை கொடுத்து ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். அது அசலா, உப்புக்காற்றில் அதை எப்படிக் காப்பாற்றுவது, பிற்காலத்தில் விலை போகுமா என்று கேட்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில், தியேட்டரில் ஆபரேட்டராக இருந்த மாமாவின் தகரப் பெட்டி ஒன்று வீட்டில் கிடக்கிறது, அதற்குள் பழைய ஸ்டில்களும் பாட்டுப் புத்தகங்களும் நோட்டீசுகளும் இருக்கின்றன, வைத்திருப்பதா எறிவதா என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். காசைக் கொட்டிக் கடதாசி வாங்குகிறான் என்று அப்பா ஏசுவதையும் மறைக்கவில்லை. நீங்கள் உண்மையில் கேட்பது, உங்களிடம் இருப்பவற்றில் எது பொருள், எது வெறும் கடதாசி என்பதைத்தான். அப்பா சொன்னதில் பிழை இல்லை. எல்லாமே கடதாசிதான். படத்தில் யார் நிற்கிறார் என்பதை மறந்துவிட்டு, தாளைத் தாளாகப் பார்த்தால்தான் உங்கள் கேள்விகளுக்கு விடை கிடைக்கும்.

நான் சினிமா ஆராய்ச்சியாளன் அல்லன். மட்டக்களப்பில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவனாகச் சேர்ந்து, பிறகு ஓப்செட் இயந்திரத்தோடு நெடுங்காலம் நின்று, இப்போது படங்களுக்குச் சட்டம் போடுவதும் பழைய புத்தகங்களைக் கட்டுவதுமாக இருக்கிறேன். தாள், மை, பசை பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஏலத்தில் எது என்ன விலைக்குப் போகும் என்பது என் துறை அன்று. இன்னொன்று, கைப்பேசியில் எடுத்த படத்தை வைத்து இறுதித் தீர்ப்புச் சொல்பவரை நம்ப வேண்டாம். நானும் சொல்லப் போவதில்லை. இருந்தாலும், நீங்கள் அனுப்பிய படங்களும் எழுதிய அளவும் அநேகமாக விஷயத்தைச் சொல்லிவிட்டன.

முதலில் அளவு. அக்காலத்தில் அமெரிக்கத் தியேட்டர்களுக்குப் போன வழக்கமான போஸ்டர் 27 அங்குல அகலமும் 41 அங்குல உயரமும் கொண்டது. எண்பதுகளின் நடுப்பகுதிக்குப் பிறகுதான் அது 40 அங்குலமாகக் குறைந்தது. உங்களுடையது 24க்கு 36 என்கிறீர்கள். அது அறைச் சுவரில் ஒட்டுவதற்கென்று கடைகளில் விற்கும் போஸ்டர்களின் அளவு. மற்ற நாடுகளுக்கு வேறு அளவுகள் இருந்தன என்பது உண்மைதான். பிரித்தானியப் போஸ்டர் 40க்கு 30 அங்குலத்தில் படுக்கைவாட்டில் இருக்கும். ஜப்பானியப் போஸ்டர் பெரும்பாலும் 51.5க்கு 72.8 சென்டிமீட்டர். ஆனால் உங்களுக்கு விற்றவர் அமெரிக்க அசல் என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார். அந்தப் பேச்சுக்கு இந்த அளவு பொருந்தவில்லை.

இரண்டாவது மடிப்பு. எண்பதுகளின் தொடக்கம் வரை இந்தப் போஸ்டர்களை மடித்தே தியேட்டர்களுக்கு அனுப்பினார்கள். நெடுக ஒரு மடிப்பு, குறுக்கே மூன்று, ஆக எட்டுக் கட்டங்கள். ஆகையால் 1973 போஸ்டரில் மடிப்பு இருந்தால் அது குறையாகாது, பிறப்பு அடையாளம் என்றே கொள்ளலாம். சுருட்டியே வைத்திருந்த பிரதிகள் அபூர்வமாக உண்டு. உங்களுடைய தாளில் மடிப்புக் கோடுகள் படத்தில் நன்றாகத் தெரிகின்றன; ஆனால் 'விரலால் தடவினால் வழவழவென்று இருக்கிறது, அவ்வளவு நல்ல நிலை' என்று பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் எனக்கு மனம் சுருக்கென்றது. உண்மையான மடிப்பில் தாளின் நார் முறிந்திருக்கும். நகத்தை வைத்து இழுத்தால் தடக்கும். நான்கு மூலைகள் சந்திக்கும் இடத்தில் மை உதிர்ந்து வெள்ளை தெரியும், சில வேளை ஊசித்துளைபோல் ஓட்டையே விழுந்திருக்கும். கண்ணுக்குத் தெரிந்து விரலுக்குத் தெரியாத மடிப்பு, வேறொரு பழைய பிரதியை வருடி (ஸ்கேன் செய்து) எடுத்தபோது அதனோடு சேர்ந்து அச்சாகிவிட்ட மடிப்பு.

இதை நீங்களே உறுதி செய்துகொள்ளலாம். நகைக்கடைக்காரர் கண்ணில் செருகும் லென்ஸ் ஒன்றை இரவல் வாங்கி, போஸ்டரின் அடியில் பெயர்கள் வரும் சிறிய எழுத்துகளைப் பாருங்கள். அசல் ஓப்செட் அச்சில் படம் முழுவதும் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் ஒழுங்கான வட்டங்களாகச் சேர்ந்திருக்கும். எழுத்துகளோ புள்ளி இல்லாமல், ஒரே மையில், ஓரம் கூராக நிற்கும். ஏனென்றால் எழுத்துகளுக்குப் புள்ளித்திரை போடாமல் நேரே படச்சுருளில் ஏற்றித் தகடு எடுப்போம். ஏற்கெனவே அச்சான போஸ்டரிலிருந்து பிரதி எடுப்பவர் எழுத்தையும் படத்தையும் சேர்த்து ஒரே படமாக வருடுவதால், எழுத்தும் புள்ளிகளாக உடைந்து, ஓரம் மங்கி நிற்கும். கணினி அச்சுப்பொறியில் மை தெளித்து எடுத்ததாக இருந்தால், ஒழுங்கே இல்லாமல் எள்ளுத் தூவியதுபோல் புள்ளிகள் கிடக்கும். இந்தச் சோதனையை நான் அநேகமாக நூற்றுக்கு நூறு நம்புகிறேன். உங்கள் தாளைப் பற்றி நான் ஊகிப்பது சரியா என்று இதுவே காட்டிக்கொடுக்கும்.

மற்றச் சோதனைகள் அவ்வளவு உறுதியானவை அல்ல. அடி ஓரத்தில் '73' என்று தொடங்கி, ஒரு சாய்கோடும் அதன்பின் சில இலக்கங்களும் இருப்பதை அசலுக்குச் சாட்சியாகக் காட்டுவார்கள். அது அமெரிக்கத் தியேட்டர்களுக்குப் போஸ்டர் வழங்கிய நெஷனல் ஸ்க்ரீன் சேர்விஸ் என்ற நிறுவனத்தின் எண். முதல் இரண்டு இலக்கங்கள் ஆண்டு. முன்னால் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் மறுவெளியீடு. ஆனால் போஸ்டரை வருடும்போது எண்ணும் சேர்ந்தே வருகிறதே! எண் இல்லாததாலும் போலி என்று சொல்ல முடியாது. வெளிநாடுகளுக்கென்று அச்சிட்டவற்றில் அது இருக்காது. கள்ள நோட்டுப் பிடிக்கும் நீல விளக்கில் தாள் பளிச்சென்று ஒளிர்ந்தால் புதுத்தாள் என்று சிலர் சொல்கிறார்கள். வெண்மை கூட்டும் இரசாயனம் ஐம்பதுகளிலிருந்தே தாளில் கலக்கப்படுகிறது. ஆகவே 1973 விஷயத்தில் அந்த விளக்கு எதையும் தீர்க்காது. மஞ்சள் நிறத்தை மட்டும் பார்த்தும் ஏமாற வேண்டாம். தேயிலைச் சாயத்தில் தாளை நனைத்து வயதாக்கும் வித்தை எல்லா ஊரிலும் உண்டு. இயற்கையாக மூத்த தாள் காற்றுப்படும் ஓரங்களிலும் மடிப்புகளிலும் முதலில் பழுத்து, உள்நோக்கிப் போகப் போக வெளிறும். சாயத்தில் நனைத்த தாள் முன்னும் பின்னும் ஒரே நிறமாக இருக்கும், சாயம் தேங்கிக் காய்ந்த இடத்தில் கோடு விழுந்திருக்கும்.

ஆக, உங்கள் போஸ்டர் பிற்காலப் பிரதி என்பதே என் கணிப்பு. லென்ஸ் வேறு மாதிரிச் சொன்னால் எழுதுங்கள், மகிழ்ச்சியோடு திருத்திக்கொள்கிறேன். விற்றவர் அசல் என்று எழுத்தில் சொல்லியிருந்தால், அளவையும் மடிப்பையும் காட்டிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். வாய்ப்பேச்சாக இருந்தால் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். படம் நல்ல படம். பொப் பீக் என்ற அமெரிக்க ஓவியர் வரைந்தது. புரூஸ் லீ 1973 ஜூலை 20இல் ஹொங்கொங்கில் காலமாகி, அடுத்த மாதம்தான் அந்தப் படம் அமெரிக்காவில் திரைக்கு வந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 'அசல் ஓவியம்' என்றும் 'அசல் போஸ்டர்' என்றும் இரண்டையும் நீங்கள் கலந்து எழுதியிருப்பதால் ஒரு வார்த்தை. ஓவியர் கையால் வரைந்தது ஒன்றே ஒன்று. போஸ்டர் என்பது அதிலிருந்து ஆயிரக்கணக்கில் அச்சானது. 1982இல் வந்த முதல் ராம்போ படத்தின் போஸ்டரை வரைந்த ட்ரூ ஸ்ட்ரூசன், வெள்ளை பூசிய அட்டையில் அக்ரிலிக் வண்ணத்தைக் காற்றுத் தூரிகையால் தெளித்து, மேலே வண்ணப் பென்சிலால் முடித்தவர். அத்தகைய அட்டை ஒன்று உங்களையும் என்னையும் தேடிக் கல்முனைக்கு வரப்போவதில்லை. யாராவது கொண்டுவந்து நீட்டினால் கைகூப்பி அனுப்பிவிடுங்கள்.

இனித் தகரப் பெட்டி. நீங்கள் ஒரு வரியில் கடந்துபோனதைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஹொலிவூட் போஸ்டர்களைச் சேர்க்க உலகம் முழுவதும் ஆட்கள் இருக்கிறார்கள். எந்தத் தாளும் எங்கேயோ ஒரு பிரதி மிஞ்சும். நமது பகுதித் தியேட்டர்களுக்காக நமது அச்சகங்களில் அடித்த நோட்டீசுக்கு அப்படி ஒரு காவலன் இல்லை. சுவரொட்டியைக் கோதுமை மாப் பசையில் ஒட்டினார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை அதன்மேலேயே அடுத்த படம். நோட்டீசைக் காரிலிருந்து வீசினார்கள். பொறுக்கிய பிள்ளைகள் கப்பல் செய்தார்கள். எஞ்சியவற்றை 1978 நவம்பர் சூறாவளியும், பிறகு யுத்தமும், 2004 டிசம்பரில் கடலும் கொண்டுபோயின. இவ்வளவையும் தாண்டி ஒரு பெட்டி கல்முனையில் மிஞ்சியிருக்கிறது என்றால், எறிவதா என்று எப்படிக் கேட்க மனம் வந்தது?

அதில் ஒரு நோட்டீசின் படம் அனுப்பியிருக்கிறீர்கள். மெல்லிய ரோசாத் தாள், கறுப்பு மை, நடுவில் ஓடும் ஒருவனின் சிறிய புளொக் (அச்சுக்கட்டைப் படம்), மேலே தியேட்டர் பெயர், 'செப்டெம்பர் 14 வெள்ளி முதல்' என்று நாள். ஆண்டு இல்லை. அந்தக் காலத்து நோட்டீசில் ஆண்டு போடும் வழக்கம் அருமை. படம் வெளியான ஆண்டை வைத்து முடிவுகட்டாதீர்கள். வெளிநாட்டுப் படம் நம் ஊருக்கு வந்துசேர ஆண்டுகள் பிடிக்கும், பிறகு மறுபடியும் மறுபடியும் ஓடும். நாளையும் கிழமையையும் வைத்துப் பாருங்கள். 1970 முதல் 1990 வரை செப்டெம்பர் 14 வெள்ளியில் விழுந்த ஆண்டுகள் 1973, 1979, 1984, 1990. 1990 செப்டெம்பரில் இந்தப் பிரதேசம் எப்படி இருந்தது என்று நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தியேட்டர் நோட்டீஸ் அடிக்கும் காலமா அது? ஆகவே மற்ற மூன்றில் ஒன்று. டிக்கெட் விலை போட்டிருந்தால் இன்னும் நெருங்கலாம். தாளின் பின்புறத்தை விரலால் தடவுங்கள். ஈய எழுத்து அமுக்கிய தடம் மேடாகத் தெரிந்தால் அது கையால் கோத்து அடித்தது. அந்தப் பதிவைத் தேய்க்கவோ, கனமான பொருள் வைத்துத் தட்டையாக்கவோ வேண்டாம்.

ஸ்டில்களின் மூலைகளில் துருப்பிடித்த ஊசித்துளைகள் இருக்கும். தியேட்டர் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் குத்தி வைத்ததன் அடையாளம் அது. பின்பக்கம் ரப்பர் முத்திரை ஏதும் இருந்தால் அதை முன்பக்கப் படத்தைவிடக் கவனமாகப் பாருங்கள். 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் தொடங்கிய பிறகு வெளிநாட்டுப் படங்களின் இறக்குமதியும் விநியோகமும் அதன் கைக்குப் போயின. முத்திரை தனியார் விநியோகத்தரின் பெயரில் இருக்கிறதா, கூட்டுத்தாபனத்தின் பெயரில் இருக்கிறதா என்பது காலத்தைக் கணிக்க ஒரு துப்பு. உறுதியான ஆதாரம் என்று சொல்ல மாட்டேன், பழைய பிரதிகள் கைமாறிக்கொண்டே இருந்தன. பாட்டுப் புத்தகங்கள் இருக்கின்றனவே, கதையைப் பாதி சொல்லிவிட்டு 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடிப்பார்களே, அவை மலிவான பத்திரிகைத் தாள். மரத்தை அப்படியே அரைத்துச் செய்த கூழில் உள்ள லிக்னின் வெளிச்சம் பட்டால் பழுத்துப் பொடியாகும். நடுவில் உள்ள இரும்புக் கம்பி உப்புக்காற்றில் துருப்பிடித்துத் தாளைத் தின்னும். மொட்டைக் கத்தியால் கம்பியின் கால்களை மெல்ல நிமிர்த்தி எடுத்துவிட்டு, வெள்ளைப் பருத்தி நூலால் இரண்டு துளையில் கட்டிவிடுங்கள்.

ஒரு பக்கக் கதை. மேற்கு ஆபிரிக்காவில் கானா நாட்டில் எண்பதுகளில் ஊர் ஊராக ஜெனரேட்டரும் தொலைக்காட்சிப் பெட்டியும் வீடியோ டெக்கும் கொண்டுபோய்ச் சண்டைப் படம் போட்டவர்கள், மாச்சாக்கைப் பிரித்துத் தைத்து அதில் கையால் விளம்பரம் வரைவித்தார்கள். பார்க்காத படத்தைக் கூட ஓவியர் தன் கற்பனையில் வரைந்திருப்பார். மழையிலும் பயணத்திலும் கிழிந்த அந்தச் சாக்குகளை இன்று அமெரிக்காவில் கலைக்கூடங்கள் மாட்டி வைக்கின்றன. ஆசைப்பட்டுக் கேட்பவர்களுக்காகப் புதிதாகவும் வரைந்து அனுப்புகிறார்கள். நம் பக்கத்திலும் அதே காலத்தில் மண்ணெண்ணெய் ஜெனரேட்டர் வைத்து வீடியோ ஓட்டினார்கள். அதற்கு எழுதிய பலகைகளும் கைவிளம்பரங்களும் எங்கே போயின? உங்கள் ஊரில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சேகரிப்பதில் உங்களுக்கு இருக்கும் வெறிக்கு அங்கே வேலை இருக்கிறது.

காப்பது எப்படி என்பதில் இணையத்தில் வரும் ஆலோசனைகள் பாதி குளிர்நாட்டுக்கானவை. நமக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவியும் வயலும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். நம் மாரியில் அது நாட்கணக்கில் அதற்கு மேல்தான் நிற்கிறது. தகரப் பெட்டி வேண்டாம். உள்ளே வியர்க்கும், துருப்பிடிக்கும். தாள்களைத் தட்டையாக அமிலம் கலக்காத அட்டைகளுக்கு இடையில் வைத்து, அலுமாரியின் நடுத்தட்டில், வெளிச்சுவரில் முட்டாமல் வையுங்கள். அடித்தட்டு வெள்ளத்துக்கு, மேல்தட்டு கூரை ஒழுக்குக்கு. பிளாஸ்டிக் உறை போடுவதானால் பொலியெஸ்டர். புது மழைக்கோட்டு மணம் வீசும் பிளாஸ்டிக் எதுவும் தாளுக்கு ஆகாது, சில வருடத்தில் மையோடு ஒட்டிக்கொள்ளும். சிலிக்கா ஜெல் பைகள் நல்லவை. ஆனால் அவை ஈரத்தைக் குடித்து நிறைந்த பிறகு உலர்த்தாவிட்டால் வெறும் கல்தான். ஆண்டுக்கொரு முறை முழுவதையும் வெளியே எடுத்துப் பார்க்கும் வேலையை, வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள்; நிழலில் பரப்புங்கள், வெயிலில் வேண்டாம்.

இராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் அந்துருண்டை போடுவது எங்கள் தலைமுறைப் பழக்கம். பூஞ்சணத்தை அது ஒன்றும் செய்யாது, அடைத்த அறையில் மூச்சுக்கும் கேடு. வேப்பிலை ஏட்டுச்சுவடிக்குப் பழக்கப்பட்டது. தாளில் ஈரத்தையும் கறையையும் சேர்க்கும். பூச்சி பிடித்த கட்டைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் மூடி, டீப் பிரீசரில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விட்டுவிடுங்கள். அவசரப்பட்டுப் பிரித்தால் தாள்மேல் நீர் முத்துக்கட்டும். மீன் வைக்கும் பெட்டியாக இருந்தால் அம்மாவிடம் முதலில் அனுமதி கேளுங்கள்.

கிழிசலுக்கு ஒட்டு நாடா ஒட்டவே வேண்டாம். அதன் பசை பழுத்துத் தாளுக்குள் இறங்கினால் பிறகு எவராலும் எடுக்க முடியாத கபிலக் கறை. லேமினேட் செய்வதும் அப்படித்தான்; சூட்டில் ஒட்டியது தாளின் ஆயுள் முழுவதும் ஒட்டியபடியே இருக்கும். பைண்டர் கம்மும் ஆகாது. பழைய புத்தகம் கட்டுபவர்கள் பூச்சி வராதிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். நானும் அப்படித்தான் கற்றேன். ஆனால் செம்பு உப்பு காலப்போக்கில் தாளையே பலவீனமாக்கும். கணக்குப் புத்தகத்துக்குச் சரி, உங்கள் நோட்டீசுக்குச் சரியல்ல. கழுவிய கோதுமை மாவின் மாப்பொருளை மட்டும் காய்ச்சி, மெல்லிய ஜப்பானியத் தாளால் பின்புறம் ஒட்டுவதுதான் முறை, தண்ணீர் காட்டினால் கழன்றுவிடும். பழக்கமில்லாமல் செய்ய வேண்டாம். சிறு கிழிசலை அப்படியே விட்டுவிடுவது நல்லது.

சட்டம் போட்டு மாட்டுவது பற்றி: கண்ணாடியில் தாள் முட்டக்கூடாது, இடையில் ஒரு விளிம்பட்டை வேண்டும்; பின்னால் ஹார்ட்போர்ட் நேரே படக்கூடாது; சட்டத்தின் பின்மூலைகளில் சிறு கட்டைகள் வைத்துச் சுவரிலிருந்து விலக்குங்கள். என் தொழிலுக்கே விரோதமாக ஒன்று சொல்கிறேன். மாமாவின் பெட்டியில் உள்ள எதையும் மாட்ட வேண்டாம். நல்ல வெளிச்சத்தில் வருடி, பிரதி எடுத்து மாட்டுங்கள். அதே கோப்புகளை நூலகம் நிறுவனத்துக்கும் அனுப்புங்கள். 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேர்த்துவருகிறார்கள். உங்கள் அலுமாரிக்கு என்ன நடந்தாலும் படமாவது மிஞ்சும்.

விலை போகுமா என்ற கேள்விக்கு என்னால் முடிந்த நேர்மையான பதில்: லாபத்துக்காக இதில் இறங்காதீர்கள். வெளிநாட்டுப் போஸ்டர் சந்தையில் நிலைமை, அச்சு வரிசை, எங்கிருந்து வந்தது என்ற வரலாறு மூன்றும் பார்க்கப்படும். இங்கிருந்து வாங்கி இங்கிருந்து விற்பவருக்கு அஞ்சல் செலவும் சுங்கமும் போக மிஞ்சுவது சொற்பம். நோட்டீசுகளுக்கு இன்றைக்குச் சந்தையே இல்லை என்று சொல்லலாம். அப்பாவிடம் இதை மறைக்க வேண்டாம். மாதம் இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு வைத்து, அசல் என்ற சொல்லுக்குக் கூடுதல் காசு கொடுப்பதை நிறுத்தினால் அவருடைய கோபமும் பாதி தணியும்.

மாமா இருக்கிறார் என்று உங்கள் எழுத்திலிருந்து விளங்கிக்கொள்கிறேன். பெட்டியை அவர் முன்னால் வைத்துத் திறந்து, எந்தத் தியேட்டர், எந்த ஆண்டு, நோட்டீஸ் எந்த அச்சகத்தில் அடித்தது, சுவரொட்டி ஒட்டியவர் யார் என்று கேட்டு, தனித் துண்டில் பென்சிலால் எழுதி ஒவ்வொன்றோடும் வையுங்கள். தாளின் மேலே பேனா படவே வேண்டாம். பிறகு மட்டக்களப்புப் பக்கம் வருவதானால் கொண்டுவாருங்கள், லென்ஸை நானே வைத்துப் பார்க்கிறேன். இரண்டு தடித்த அட்டைக்கு நடுவே தட்டையாக வைத்துக் கட்டி, பஸ்ஸில் வாருங்கள். சுருட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வர வேண்டாம்.